பேச்சுத்துணை பலன் தருகிறதா?
உளவளத்துணையைப் பரீட்சித்துப் பார்க்கும் ஒரு தொழில்சார் சங்கத்தின் அனுபவம்



உளவளத்துணை என்ற சொல் எமது ஊர்களில் இன்று எவருக்கும் புதிதல்ல. இடம்பெயர்ந்து முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் வாழ நேர்ந்தவர்களுள் பலர், உளவளத்துணையாளர் ஒருவருடன் ஒரு தடவையேனும் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். சிலர் இதனைச் சீர்மியம் என்பர். வேறு சிலர் ஆற்றுப்படுத்தல் என்பர். பெயர் எதுவாயினும் காரியம் ஒன்றே. மனப்பாரம் உள்ள ஒருவர் பேசுகிறார்; பயிற்சி பெற்ற ஒருவர் பொறுமையுடன் கேட்டு, அவர் தமது வழியைத் தாமே கண்டுகொள்ள உதவுகிறார். மனச்சோர்வு, கடும் பயம் முதலிய நோய்நிலைகளுக்கு வரையறுத்த முறைப்படி அளிக்கப்படும் இத்தகைய உதவியை உளச்சிகிச்சை என்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லை அவ்வளவு தெளிவானதல்ல.

“கதைச்சால் மட்டும் காணுமோ?” என்று எம்மவர் கேட்பதுண்டு. இது ஏளனமாகத் தள்ளிவிடவேண்டிய கேள்வியல்ல; மிக நியாயமான கேள்வி. நீரிறைக்கும் இயந்திரத்தை வாங்கும்போது ஓட்டிப் பார்த்தே வாங்குகிறோம். விதைநெல்லை முளைக்க வைத்துப் பார்த்தே விதைக்கிறோம். அப்படியானால் பேச்சினால் அளிக்கப்படும் உதவியை எவ்வாறு பரீட்சிப்பது? யார் பரீட்சிப்பது? அதற்கு யார் பணம் கொடுப்பது? இக்கேள்விகளுக்கு விடை தேடி ஏறக்குறைய முப்பது வருடங்களாக உழைத்துவரும் பிரித்தானியச் சங்கமொன்றின் பணியை இங்கு நோக்குவோம்.

நல்லெண்ணம் மட்டும் போதாது

முதலில், ஏன் பரீட்சிக்க வேண்டும் என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். துன்பப்பட்ட மனிதருள் பலர், எவருடைய விசேட உதவியும் இன்றியே காலப்போக்கில் ஓரளவு தேறிவிடுகின்றனர். ஆகவே, “உளவளத்துணையாளரிடம் போனேன், ஆறு மாதத்தில் சுகமாயிற்று” என்று ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து, அந்த உதவியினாலேயே சுகம் கிடைத்தது என்று முடிவுகட்ட முடியாது. புதிய பசளையைப் போட்ட வருடத்தில் நல்ல மழையும் பெய்தால், விளைச்சல் பசளையால் வந்ததா மழையால் வந்ததா என்று எப்படிச் சொல்வது?

இன்னுமொரு காரணம் உண்டு. நல்லெண்ணத்துடன் செய்யப்படும் உதவி சில வேளைகளில் தீங்கும் விளைவிக்கலாம். பேரிடர் ஒன்றில் அகப்பட்டவர்களை உடனடியாக இருத்தி, நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் விபரமாகச் சொல்ல வைக்கும் முறையொன்று 1980களிலும் 1990களிலும் பல நாடுகளில் பரவியது. மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்றே அனைவரும் நம்பினர். தீக்காயமுற்று வைத்தியசாலைக்கு வந்தவர்களிடையே பிரித்தானியாவில் நடத்தப்பட்ட பரீட்சையொன்றின் முடிவு 1997 இல் வெளியாயிற்று. காயம்பட்டு 13 மாதங்களின் பின் பார்த்தபோது, அவ்வாறு சொல்ல வைக்கப்பட்டவர்களுள் 100க்கு 26 பேரிடம் நெருக்கீட்டு நோய் காணப்பட்டது. அவ்வாறு செய்யப்படாதவர்களுள் அது 100க்கு 9 பேர் மட்டுமே. பின்னர் இத்தகைய ஆய்வுகள் பலவற்றை ஒன்றுசேர்த்து நோக்கியபோதும், இந்த ஒரே அமர்வு முறையால் நன்மை உண்டென்று காட்ட முடியவில்லை. இன்று உலக சுகாதார நிறுவனம், பேச விரும்பாதவரை வற்புறுத்திப் பேச வைக்கவேண்டாம் என்றே முதலுதவி செய்வோருக்குக் கற்பிக்கின்றது.

பரீட்சித்துப் பார்த்திராவிட்டால் இது எவருக்கும் தெரிந்திருக்காது. உதவி செய்தவர்கள் திருப்தியுடன் வீடு திரும்பியிருப்பார்கள். பாதிக்கப்பட்டவர்களோ தங்கள் பலவீனமே காரணம் என்று எண்ணியிருப்பார்கள்.

சங்கம் உருவான விதம்

பிரித்தானியாவில் உளவளத்துணையில் ஈடுபட்டிருந்த பல்வேறு அமைப்புகள் 1970 இல் ஒன்றுகூடிப் பொதுவான மாநாட்டமைப்பு ஒன்றை உருவாக்கின. அது 1977 இல் பிரித்தானிய உளவளத்துணைச் சங்கமாக மாறியது. உளவளத்துணையையும் உளச்சிகிச்சையையும் பிரித்துப் பார்ப்பது கடினம் என்பதனால், 2000ஆம் ஆண்டில் ‘பிரித்தானிய உளவளத்துணை, உளச்சிகிச்சைச் சங்கம்’ என்று பெயர் விரிவாக்கப்பட்டது. இதன் தலைமை அலுவலகம் இங்கிலாந்தின் மத்திய பகுதியிலுள்ள லட்டர்வேர்த் என்ற சிறு நகரில் இருக்கிறது. இன்று 60,000க்கு மேற்பட்ட உறுப்பினர்கள் சந்தா செலுத்துகின்றனர்.

எமது கமக்காரர் அமைப்பை நினைத்துப் பாருங்கள். உறுப்பினரின் நலனைப் பேசுவது அதன் ஒரு கடமை. வாய்க்காலைத் துப்புரவாக வைத்திருப்பதும் தண்ணீரை ஒழுங்காகப் பங்கிடுவதும் மற்றொரு கடமை. முதலாவதை மட்டும் செய்து இரண்டாவதைக் கைவிட்டால் ஊர் அதை மதிக்காது. தொழில்சார் சங்கமும் அப்படியே. உளவளத்துணையாளர் என்ற பெயரைப் பிரித்தானியச் சட்டம் எவருக்கும் உரித்தாக்கிப் பாதுகாக்கவில்லை. விரும்பிய எவரும் பெயர்ப்பலகை வைக்கலாம். எனவே, பயிற்சி பெற்றவர் யார், ஒழுக்கக்கோவைக்குக் கட்டுப்பட்டவர் யார் என்று மக்களுக்குக் காட்டும் பொறுப்பு சங்கங்களின் மேல் விழுந்தது. பாராளுமன்றத்துக்குப் பொறுப்புக்கூறும் தொழிற்தர அதிகாரசபை 2013 இல் இச்சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டை அங்கீகரித்தது.

ஆனால் பதிவேடு, “இவர் பயின்றவர்” என்று மட்டுமே சொல்லும். “இவர் செய்வது பலன் தரும்” என்று சொல்ல ஆய்வு வேண்டும்.

ஆய்வுக்குச் சங்கம் துணை நிற்கும் வழிகள்

1. இதழ்: ‘உளவளத்துணை, உளச்சிகிச்சை ஆய்வு’ என்ற பொருள்படும் காலாண்டிதழைச் சங்கம் 2001 இல் ஆரம்பித்தது. இதன் முதல் ஆசிரியர் பேராசிரியர் ஜோன் மக்லியொட். ஒரு கட்டுரை வந்ததும், அத்துறை தெரிந்த வேறு ஆய்வாளர்கள் அதைப் படித்துக் குறைகளைச் சுட்டிக்காட்டிய பின்னரே அது அச்சேறும்.

2. மாநாடு: 1990களின் நடுப்பகுதியிலிருந்து வருடந்தோறும் ஆய்வு மாநாடு நடைபெறுகிறது. பல்கலைக்கழகப் பேராசிரியரும், சிறு கிராமமொன்றில் வாரம் பத்துப் பேரைச் சந்திக்கும் உளவளத்துணையாளரும் ஒரே மண்டபத்தில் தமது அனுபவங்களைப் பகிர்ந்துகொள்கின்றனர். சிறந்த ஆய்வுகளுக்குப் பரிசும் வழங்கப்படுகிறது.

3. தெரிந்தவற்றைத் திரட்டுதல்: சிதறிக் கிடக்கும் ஆய்வுகளைத் தேடிச் சேர்த்து, அவை மொத்தமாக என்ன சொல்கின்றன என்று தொகுக்கும் பணி இது. முதியோருக்கான உளவளத்துணை பற்றியும், சிறுவர், இளைஞருக்கான உளவளத்துணை பற்றியும் இத்தகைய தொகுப்புகளைச் சங்கம் 2004 இல் வெளியிட்டது. விதைத்த வயலையே திரும்பத் திரும்ப உழாதிருக்க இது உதவுகிறது.

4. ஒழுக்க நெறி: ஆய்வு செய்வோருக்கான வழிகாட்டலொன்றை பேராசிரியர் ரிம் பொண்ட் எழுத, சங்கம் 2004 இல் வெளியிட்டது. நம்பிக்கைக்குப் பாத்திரமாயிருத்தலே அதன் அடித்தளம். பங்குபற்றுபவருக்கு ஏற்படக்கூடிய ஆபத்தைக் கவனித்தல், அவருடனான உறவை மதித்தல், ஆய்வில் நேர்மை, ஆய்வைக் கண்காணிக்கும் ஒழுங்கு என்பவை பற்றி அது பேசுகிறது. 2019 இல் இது புதுப்பிக்கப்பட்டது.

5. பணம்: பெரிய பரீட்சைகளுக்குப் பல வருடங்களும் பெருந்தொகையும் தேவை. இதற்கெனச் சங்கத்துடன் இணைந்த ஆய்வு நிதியம் ஒன்று உண்டு.

சீட்டுக் குலுக்கி அறிந்த உண்மை

இந்த நிதியத்தின் பணத்தில் நடந்த பரீட்சையொன்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் மனச்சோர்வுக்கு அரசாங்க சுகாதார சேவை மூலம் இலவசமாகப் பேச்சுச் சிகிச்சை அளிக்கும் திட்டம் 2008 இல் தொடங்கியது. எந்தச் சிகிச்சையைக் கொடுக்கலாம் என்று ஆலோசனை கூறும் தேசிய நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டலில், எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தியமைக்கும் ‘அறிகை நடத்தைச் சிகிச்சை’ முதல் வரிசையில் இடம்பெற்றது. உளவளத்துணையோ பின்வரிசைக்குச் சென்றது. அதன் பலன் நிச்சயமில்லை என்று நோயாளிக்கு எடுத்துச் சொல்லும்படியும் கூறப்பட்டது. இதனால் பாதிக்கப்படக்கூடியவர்கள் பலர். உளவளத்துணையாளரின் வேலை ஒருபுறமிருக்க, அந்த முறையையே விரும்பிய நோயாளிகளும் அதனை இழக்க நேரிடலாம்.

இவ்வேளையில் சங்கம் கண்டன அறிக்கையோடு நின்றிருக்கலாம். அதன் நிதியமோ பரீட்சைக்குப் பணம் கொடுத்தது. ஷெபீல்ட் நகரில், பேராசிரியர் மைக்கல் பார்க்கமின் தலைமையில் 2014 முதல் 2018 வரை 510 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். அனைவரும் மத்திம அல்லது கடும் மனச்சோர்வு உள்ளவர்கள். சுமார் பாதிப்பேருக்கு அறிகை நடத்தைச் சிகிச்சை; மற்றப் பாதிப்பேருக்கு, ஆளை மையப்படுத்தி அவரது உணர்வுகளுடன் பயணிக்கும் உளவளத்துணை முறை.

யாருக்கு எது என்பதைத் தீர்மானித்தது வைத்தியருமல்ல, நோயாளியுமல்ல. திருவுளச்சீட்டுப் போடுவது போன்ற ஓர் ஒழுங்கே தீர்மானித்தது. ஏன் இப்படி? இரண்டு இன நெல்லை ஒப்பிட விரும்பும் விவசாயப் போதனாசிரியர், ஒன்றை வாய்க்கால் தலைப்பு வயலிலும் மற்றதைத் தண்ணீர் எட்டாத கடைவயலிலும் விதைத்தால் அந்த ஒப்பீட்டை எந்தக் கமக்காரராவது ஏற்பாரா? நல்ல நிலமும் உவர்நிலமும் இரண்டு இனத்துக்கும் சமமாக அமையவேண்டும். மனிதரைப் பொறுத்தவரை, கடும் நோயாளரும் இலேசான நோயாளரும், உறவினர் துணை உள்ளவரும் இல்லாதவரும் இரண்டு குழுக்களிலும் சமமாகக் கலப்பதற்கு, சீட்டுப் போடுவதை விட நேர்மையான வழி இல்லை.

மனச்சோர்வை அளப்பதற்கு 9 கேள்விகள் கொண்ட படிவம் பயன்பட்டது. கடந்த இரண்டு வாரங்களில் நித்திரை எப்படி, பசி எப்படி, எதிலாவது நாட்டம் உண்டா, தன்னையே வெறுக்கும் எண்ணம் வந்ததா என்பன போன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. புள்ளி கூடினால் சோர்வும் கூடுதல்.

முடிவு 2021 இல், ‘லான்செற்’ குழுமத்தின் மனநோய் மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஆறு மாதத்தில் இரு குழுக்களின் சராசரிப் புள்ளியும் ஏறக்குறைய 13 ஆகவே இருந்தது. அதாவது, உளவளத்துணை மற்றச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல. சங்கத்துக்கு இது மகிழ்ச்சியான செய்தியே. ஆனால் 12 மாதத்தில் பார்த்தபோது, அறிகை நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களின் நிலை சுமார் 1.7 புள்ளியால் மேலாக இருந்தது. இதற்கிடையில் சிலர் விலகிப்போனதால், இந்த இரண்டாவது முடிவைக் கவனத்துடனேயே கொள்ளவேண்டும். ஆயினும் அது மறைக்கப்படவில்லை. முதல் முடிவுடன் சேர்த்தே அச்சிடப்பட்டது. காலபோகத்தில் நன்றாக விளைந்த இனம் சிறுபோகத்தில் எப்படி என்பதையும் சொன்னால்தானே கமக்காரர் சரியாகத் தீர்மானிக்கலாம்?

அத்தேசிய நிறுவனம் 2022 இல் தனது வழிகாட்டலைப் புதுப்பித்தபோது, மனச்சோர்வுக்குத் தெரிவு செய்யக்கூடிய சிகிச்சைகளின் பட்டியலில் உளவளத்துணையும் இடம்பெற்றது.

பாடசாலைகளில் நடந்த பரீட்சை

மற்றொரு பரீட்சை இளையோர் பற்றியது. லண்டன் பகுதியிலுள்ள 18 அரசாங்கப் பாடசாலைகளில், மனவருத்தத்துடன் இருந்த 13 முதல் 16 வயதுடைய 329 மாணவர் சேர்ந்தனர். இதற்கான பணம் பொதுநிதியிலிருந்து, பொருளாதார சமூக ஆய்வுச் சபையின் மூலம் வந்தது. ரோஹம்ரன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மிக் கூப்பர் தலைமை தாங்க, சங்கம் பங்காளி அமைப்புகளுள் ஒன்றாக நின்றது. ஒரு பகுதியினருக்கு வழமையான பாடசாலைப் பராமரிப்புடன் வாரம் ஒரு தடவையாகப் பத்து அமர்வுகள் வரை உளவளத்துணையும் கிடைத்தது. மற்றப் பகுதியினருக்கு வழமையான பராமரிப்பு மட்டும்.

இதன் முடிவும் 2021 இல் வெளியாயிற்று. 12 வாரங்களின் பின், உளவளத்துணை பெற்ற மாணவரின் மனவருத்தம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. ஆனால் வித்தியாசம் சிறியதே. அதற்கு ஆகும் செலவும் கணக்கிடப்பட்டு வெளியிடப்பட்டது. “அற்புதம் நிகழ்ந்தது” என்று அறிக்கை சொல்லவில்லை. “சிறிது உதவுகிறது, இவ்வளவு செலவாகிறது” என்றே சொன்னது. இத்தகைய அளவான பேச்சையே பொறுப்புள்ளவர்கள் நம்பித் திட்டமிட முடியும்.

விதை விற்பவரே பரீட்சித்தால்?

இங்கே கூர்மையான வாசகர் ஒரு கேள்வி எழுப்பலாம். உளவளத்துணையாளரின் சங்கத்தோடு இணைந்த நிதியமே உளவளத்துணையைப் பரீட்சிக்கப் பணம் கொடுத்தால், முடிவு சாதகமாகத்தானே வரும்? விதை விற்பவர் தனது விதைக்கு வழங்கும் சான்றிதழ் போலாகாதா?

இந்த ஆபத்து உண்மையானதே. அதனைக் குறைக்கச் சில வேலிகள் உண்டு. பரீட்சையை நடத்துவது சங்கமல்ல, பல்கலைக்கழகம். எதை அளப்போம், எப்போது அளப்போம் என்பதைத் தொடக்கத்திலேயே பகிரங்கமாகப் பதிவு செய்ய வேண்டும். அறுவடையைப் பார்த்தபின் மரைக்காலை மாற்ற முடியாது. ஒழுக்கநெறிக் குழுவொன்று முன்கூட்டியே அனுமதி அளிக்கவேண்டும். பணம் தந்தவர் யார் என்பதைக் கட்டுரையிலேயே எழுதவேண்டும். வேலி இருந்தால் மாடு வராது என்று உறுதி கூற முடியாது. ஆனால் வேலியே இல்லாத பயிரின் கதி எமக்குத் தெரியும். ஷெபீல்ட் பரீட்சையில் 12 மாத முடிவு வெளியே வந்தது, வேலி ஓரளவேனும் வேலை செய்தது என்பதற்கு அடையாளம்.

எமக்கு இதிலுள்ள சம்பந்தம்

ஆய்வின் மறுபக்கத்தில் நிற்பவர்கள் எமது மக்கள். 2009 இல் போர் முடிந்த சில மாதங்களுள், யாழ். மாவட்டத்தில் 1,500 அளவான குடும்பங்களிடம் மனநலம் பற்றிய கேள்விகள் கேட்கப்பட்டன. இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த முகாம்களும் அதில் அடங்கின. முடிவை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 2011 இல் வெளியிட்டது. பதில் அளித்தவர்களுள் 100க்கு 22 பேரளவில் மனச்சோர்வின் அறிகுறிகளும், 100க்கு 33 பேரளவில் பதகளிப்பின் அறிகுறிகளும், 100க்கு 7 பேரிடம் நெருக்கீட்டு நோயின் அறிகுறிகளும் காணப்பட்டன. வீடு வாசலை விட்டு ஓடியவர்களின் இரவுகள் எப்படிப்பட்டவை என்பதற்கு இது ஒரு சாட்சியம்.

ஆனால் எத்தனை பேர் துன்புறுகின்றனர் என்று எண்ணுவது ஒருவகை ஆய்வு. எந்த உதவி அவர்களைத் தேற்றுகிறது என்று அறிவது வேறொருவகை ஆய்வு. லண்டன் மாணவருக்கு உதவியது, காணி இழந்த கமக்காரருக்கும் காணாமற்போன மகனைத் தேடும் தாய்க்கும் அப்படியே உதவும் என்று கொள்ள முடியாது. பத்தலகொடவில் நன்றாக விளையும் நெல்லினத்தை எமது மண்ணிலும் விதைத்துப் பார்த்தே ஏற்கிறோம். அவ்வாறே இங்கும் பரீட்சிக்க வேண்டும். அதற்கு மக்களின் ஒத்துழைப்பு வேண்டும். ஒத்துழைப்புக்கு நம்பிக்கை வேண்டும்.

ஆகவே, படிவத்துடன் உங்கள் வீட்டுக்கு வருபவரிடம் பின்வருவனவற்றைத் தயங்காமல் கேளுங்கள்:

• நீங்கள் யார், எந்த நிறுவனம், யாருடைய பணம்?
• எனது பதில் எதற்குப் பயன்படும்? எனது பெயர் எங்கே எழுதப்படும், யார் பார்ப்பார்கள்?
• நான் மறுத்தால், எனக்குக் கிடைக்கும் நிவாரணமோ சிகிச்சையோ குறையுமா?
• நடுவில் நிறுத்த விரும்பினால் நிறுத்தலாமா?
• பழையதைப் பேசி மனம் குழம்பினால், அன்றைக்கே எனக்குத் துணை நிற்பவர் யார்?
• முடிவை எமது ஊருக்கு எமது மொழியில் வந்து சொல்வீர்களா?

மறுப்பதால் எந்த உதவியும் குறையக்கூடாது. நடுவில் நிறுத்தும் உரிமை எப்போதும் உண்டு. இவை ஆய்வாளர் செய்யும் தயவு அல்ல, உங்கள் உரிமை. நேர்மையான ஆய்வாளர் இக்கேள்விகளால் கோபிக்கமாட்டார். தன் கடமையை நினைவூட்டியதற்கு நன்றி சொல்வார்.

மனதில் தாங்கமுடியாத பாரம் உள்ளவர்கள் ஆய்வு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுங்கள். அங்கே, “இந்தச் சிகிச்சை என்னைப் போன்றவர்களுக்கு உதவியிருக்கிறதா?” என்றும் கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் பரீட்சிப்பவரும் இருப்பார்.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது ஊருக்கு வந்து விபரம் சேகரித்தவர்களுள் எத்தனை பேர் முடிவைத் திரும்பி வந்து சொன்னார்கள்?
2. பேச விரும்பாத ஒருவரை நாம் வற்புறுத்திப் பேச வைக்கிறோமா? அவருக்கு வேறு எவ்வகையில் துணை நிற்கலாம்?
3. எமது கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ, ஊருக்கு வரும் ஆய்வாளரிடம் முன்வைக்கக்கூடிய பொது நிபந்தனைகள் எவை?